பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே

கபினிக் கரை நஞ்சன்கூட்டுப் பிள்ளைக்குப் பட்டப்படிப்பு என்றால் பக்கத்திலிருந்த மைசூர் மகாராஜா கல்லூரிதான். 1916 ஜூலையில் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறக்கும்வரை அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. மைசூர் சமஸ்தானத்துப் பிள்ளையின் தகுதியையும் சென்னையே நிர்ணயித்தது.

ஆனால், உயர்நிலைப் பள்ளியை முடித்தவர் கல்லூரிக்குத் தயாராகிவிட்டாரா?

இல்லை என்றது 1917-19 சாட்லர் கல்விக் குழு. மெட்ரிகுலேஷன் போதாது, இன்டர்மீடியட்டே பல்கலைக்கழகத்தின் வாசலாக வேண்டும் என்றது. 1918 முதல் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர் ராதாகிருஷ்ணன். அவர் தலைமையேற்ற 1948-49 குழுவும் 12 ஆண்டுப் படிப்பை நுழைவுத் தகுதியாகக் கேட்டது. அடுத்து வந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் குழு, இரண்டாண்டு இன்டர்மீடியட்டைப் பிரித்து, ஓராண்டைப் பள்ளிக்கும் ஓராண்டைப் பட்டப்படிப்புக்கும் கொடுக்கச் சொன்னது. பத்தாண்டுப் பள்ளியோடு வருபவருக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு. கிராமத்துப் பிள்ளை பெரிய கல்லூரிக்குப் பழகி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். மிகக் குறுகிய அவகாசம் அது.

தமிழ்நாடு 1978இல் அந்தப் புகுமுக வகுப்பை நீக்கி, மேல்நிலைக் கல்வியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. கர்நாடகம் இரண்டாண்டு பி.யு. (புகுமுக) படிப்பை வைத்துக்கொண்டது. நஞ்சன்கூட்டில் கன்னட வழியில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து அறிவியல் எடுப்பவர், அதே ஆண்டில் இயற்பியலை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்குகிறார். குழுக்கள் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்தன. இந்த மொழித் தாவலுக்கு வேண்டிய பயிற்சியை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.