இரண்டாம் விதியின் கடல் எல்லை: சேப்பாக்கம் முதல் கேம்பல் பே வரை

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ பொது நூலக இயக்கத்தின் நூலாகவே இதுவரை படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அதை எழுதியவர் அப்போது சென்னைப் பல்கலைக்கழக நூலகர் என்பது வெறும் வாழ்க்கைக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்னும் இரண்டாம் விதி நகராட்சிக்கும் கிராமத்துக்கும் சொல்லப்பட்டது. பல்கலைக்கழக நூலகம் வெளியாருக்குக் கதவு திறப்பது முடிந்தால் செய்யும் உபகாரம். இதுதான் வழக்கமான வாசிப்பு. அந்த நூலில் இப்படியொரு பிரிவினை இல்லை என்பது என் வாதம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதினேழு ஆண்டு பின்னோக்கிப் படித்ததால் வந்த பிரிவினை அது.

இரண்டாம் விதியின் போராட்டத்தைச் சொல்லும் பகுதி இணை இணையாக நடக்கிறது. மேல்தட்டும் பாமரரும், ஆணும் பெண்ணும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் என்று வரும் வரிசையில் கரையும் கடலும் ஓர் இணை. முந்தைய ஆய்வாளர்கள் இதைப் பட்டியல் நிரப்பும் அலங்காரமாக எண்ணிக் கடந்துவிட்டார்கள். அலங்காரமாகவும் இருக்கலாம், ரங்கநாதனுக்கு அந்தச் சபலம் உண்டு. ஆனால் மற்ற இணைகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு இருக்கிறது. பெண்ணுக்கும் பாமரருக்கும் கிராமத்தாருக்கும் ஊர் உண்டு, ஊர் நூலகம் மனது வைத்தால் போதும். கடலில் இருப்பவர் எந்த ஊர் நூலகத்தின் கணக்கிலும் வருவதில்லை. அவரையும் வாசகர் என்று ஒப்புக்கொண்டால், குடியிருப்பைக் கொண்டு தன் கடமையை அளக்காத ஒரு நிறுவனம் தேவைப்படுகிறது. கடல் இணை இந்த விதியின் ஓரம் என்பதைவிட அதன் உரைகல் என்பதே பொருந்தும்.

அப்படியொரு நிறுவனத்துக்குள்தான் ரங்கநாதன் 1924 முதல் வேலை பார்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எல்லையைத் தீர்மானித்தது மதில் அல்ல, இணைப்புப் பெற்ற கல்லூரிகள். மாகாணம் முழுக்க அவை சிதறிக் கிடந்தன. 1936இல் சேப்பாக்கத்தில் சொந்தக் கட்டடம் கிடைப்பதற்கு முன் அந்த நூலகம் பல ஆண்டுகள் கன்னிமாராப் பொது நூலகத்தோடு ஒரே கூரையின்கீழ் இருந்தது. இடமில்லாக் கொடுமையாகவே இது எழுதப்படுகிறது. அறிஞரும் ஊராரும் ஒரே வாசலில் நுழைந்த காலம் என்றும் எழுதியிருக்கலாம். ஐந்து விதிகள் முதலில் பொதுவில் சொல்லப்பட்டதும் 1928 டிசம்பரில், சிதம்பரம் மீனாட்சி கல்லூரியில், ஒரு கல்வி மாநாட்டில்தான். எந்த நகராட்சிக் கூட்டத்திலும் அல்ல. எதிர்வாதத்துக்கு எப்போதும் 1931இன் மன்னார்குடி மாட்டுவண்டி நூலகம் கொண்டுவரப்படும். நல்ல சான்று. ஆனால் மாட்டுவண்டி கடலில் இறங்காது.

1948ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்டந்தோறும் ஓர் ஆணைக்குழுவை வைத்து, சொத்து வரியின் மேல் நூலக வரி விதித்தது. நிலத்துக்கு ஏற்ற ஏற்பாடு. பெரிய நிக்கோபார்த் தீவில் உள்ள கேம்பல் பேயில் அச்சட்டம் செல்லாது. செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் அந்தத் தீவு முழுவதிலும் ஏறக்குறைய 8,000 பேர். 1969 முதல் குடியமர்த்தப்பட்ட முன்னாள் படைவீரர் குடும்பங்கள், 2004 சுனாமிக்குப் பின் கரையோர ஊர்களை விட்டு வந்து ராஜீவ் நகரில் இருக்கும் நிக்கோபாரியர், அரசு ஊழியர். இவர்கள் வீட்டு வரியில் எத்தனை அலமாரி நிரம்பும்?

இங்கேதான் பல்கலைக்கழகத்தின் எல்லை பொருள் பெறுகிறது. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தோடு அந்தமான் கல்லூரிகள் நெடுங்காலம் இணைந்திருந்தன. அப்பல்கலைக்கழகம் ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது போர்ட் பிளேரில், சொந்த மையம் வைத்துக் கடலியலும் கடல் உயிரியலும் பேரிடர் மேலாண்மையும் கற்பிக்கிறது. தீவுகளை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்ட நிறுவனம், தீவினரை வாசகராக ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. காலாப்பட்டில் உள்ள அதன் ஆனந்தரங்கப் பிள்ளை நூலகத்துக்குக் கேம்பல் பேயும் அக்கம்பக்கம்தான்.

அந்த வாசகருக்கு என்ன தேவை? கதைப் புத்தகமும்தான். ஆனால் 2022 ஜனவரி 27 அன்று கேம்பல் பேயில், சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் அடங்கிய பெருந்திட்டத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு நடந்தது. 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, வரைவறிக்கையின் சுருக்கத்தை அலுவலகங்களிலோ பொது நூலகங்களிலோ ஊராட்சிகளிலோ பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. சுருக்கத்தை மேசைமேல் வைத்துவிடலாம். கலத்தியா விரிகுடாவில் முட்டையிடும் லெதர்பேக் ஆமைகளைப் பற்றிய ஆய்வுகளையும், 2004இல் தீவின் தென்முனை தாழ்ந்ததைப் பற்றிய புவியியல் கட்டுரைகளையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதவர் அந்தச் சுருக்கத்தை எப்படி மதிப்பிடுவார்? அந்த இரண்டாவது அடுக்கு நூல்கள் ஊர் நூலகத்தில் இருக்காது. கருத்துக்கேட்பின் முடிவு இதனால் மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேள்விகள் மாறியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடலடிக் கண்ணாடி இழை வடம் பெரிய நிக்கோபாரையும் தொடுகிறதே, இனி நூலகம் எதற்கு என்பார்கள். வடம் வந்தது, ஆய்விதழ்களின் சந்தா வளாகப் பயனருக்கு மட்டும் என்ற பூட்டு அப்படியே இருக்கிறது. வெளிவாசகருக்குக் கடவுச்சொல் கொடுப்பது நூலகரின் முடிவு, வடத்தின் முடிவல்ல. வெளித்தொடர்பைத் தவிர்த்து அத்தீவில் வாழும் ஷோம்பென் பழங்குடியினரை முன்னிறுத்தி எழுப்பப்படும் தடையும் இங்கே பொருந்தாது: நாடிவராதவரைத் தேடிப்போகச் சொல்வதாக இரண்டாம் விதியைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

செலவுதான் தடை என்பவர்கள் அஞ்சல் கட்டணத்தைக் கணக்கிடட்டும். எனக்குக் கடினமாகத் தெரிவது இரவல் தவணை. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கேம்பல் பே கடல்வழியில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். தென்மேற்குப் பருவத்தில் கப்பல் கால அட்டவணை நம்பத்தக்கதல்ல. காலாப்பட்டு மாணவருக்குரிய தவணையை அப்படியே அங்கே விதித்தால் நூல் போய்ச் சேரும் முன்பே அபராதம் ஏறத் தொடங்கும். நூல் கையில் சேர்ந்த நாளில் தவணை தொடங்கி, திரும்பும் கப்பல் புறப்படும் நாளில் முடிய வேண்டும். இந்தத் திருத்தத்துக்குச் சட்டமன்றம் தேவையில்லை. நூலகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.