வலைப்பந்துக் கம்பத்தடியில் ஒரு வரலாறு

எங்கள் பாடசாலை மைதானத்து மூலையில் நின்ற வலைப்பந்துக் கம்பத்தை மறந்த பழைய மாணவி எவரும் இருக்கமாட்டார். அது எங்கிருந்து வந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நூற்றாண்டு மலரில் அந்தக் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சுவீடனில் பேர் ஹென்றிக் லிங் என்பவர் 1813இல் ஸ்டொக்ஹோம் நகரில் உடற்பயிற்சி நிறுவகம் ஒன்றைத் தொடங்கினார். உடற்கூற்றியலை அடிப்படையாகக் கொண்டு தசைகளை ஒழுங்குமுறையாகப் பலப்படுத்துவது அவரது முறை. அங்கு பயின்ற மார்ட்டினா பேர்க்மன் 1881இல் லண்டன் பாடசாலைச் சபையில் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பானார். 1885இல் உடற்பயிற்சி ஆசிரியைகளுக்கான கல்லூரியையும் ஆரம்பித்தார். அமெரிக்கக் கூடைப்பந்தாட்டம் அங்கேதான் பெண்களுக்கேற்ப மாற்றப்பட்டு வலைப்பந்தாட்டமாக உருப்பெற்றது. 1901இல் அதன் விதிகள் வகுக்கப்பட்டன. ஆங்கிலேயர் ஆட்சிக்கால வழித்தடத்தில் அது எங்கள் பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது.

பெண்ணுக்கு உடல்வலிமை வேண்டும் என்பதை உலகம் இலகுவில் ஏற்கவில்லை. 1928 அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீற்றர் ஓடி முடித்துக் களைத்ததைப் பத்திரிகைகள் பெரிதுபடுத்தின. அதன்பின் 1960 வரை அந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருக்கவில்லை. ஆண்கள் களைத்து விழுந்தால் அதை வீரம் என்றார்கள்.

எங்கள் வீடுகளிலும் இதே பயம் வேறு வார்த்தைகளில் இருந்தது. "பெரியபிள்ளையானால் துள்ளக்கூடாது" என்றார் அம்மம்மா. பதின்மூன்று வயதில் என் விளையாட்டுச் சப்பாத்து அலுமாரிக்கு மேலே போனது. யாரையும் குறை சொல்லவில்லை. அவர்கள் அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள்.

ஆனால் அந்த வயதின் பெறுமதி மருத்துவம் படித்தபோதுதான் விளங்கியது. வளர்ந்தவரின் எலும்பிலுள்ள கனியுப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு, உயரம் மிக வேகமாக வளரும் காலத்தை ஒட்டிய இரண்டு ஆண்டுகளில் சேர்கிறது. தசை இழுக்கும்போது எலும்பு உறுதி பெறுகிறது. அந்தச் சேமிப்பைத்தான் மாதவிடாய் நின்ற பிறகு நாம் செலவழிக்கிறோம். அம்மம்மாவின் கூனிய முதுகை இப்போது நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். பாரம் தூக்கினால் பிள்ளை குள்ளமாகிவிடும் என்பதும் உண்மையல்ல. தகுந்த மேற்பார்வையுடன் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை.

ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலசைவும், வாரத்தில் குறைந்தது 3 நாட்கள் தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் செயல்களும் தேவை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். இதற்கு இயந்திரங்கள் வேண்டியதில்லை. கயிறடித்தல், தண்டால், மரமேறுதல், வலைப்பந்து எல்லாம் இதில் அடங்கும்.

2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் உயர்ந்து நின்றபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஆனால் என்னிடம் முதுகுவலியோடு வரும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் பலர், ரியூசன் தொடங்கியதும் மைதானத்தை விட்டவர்கள்.

தோழியரே, கட்டடமும் புலமைப்பரிசிலும் கொடுக்கும் நாம் இன்னொன்றையும் கேட்போம்: சாதாரணதர வகுப்புகளின் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள் என்று. அத்துடன், உங்கள் மகளின் சப்பாத்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிடாதீர்கள்.