விமான எஞ்சின் முகப்பில் பறவை மோதினால் என்ன ஆகும்? எப்படித் தாங்குகிறது?

2009 ஜனவரி 15. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் இருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320 விமானம், சில நிமிடங்களிலேயே கனடா வாத்துக் கூட்டத்தில் மோதியது. இரண்டு எஞ்சின்களும் உந்துவிசையை இழந்தன. விமானி ஹட்சன் ஆற்றில் இறக்கினார். 155 பேரும் உயிர் பிழைத்தனர்.

அந்த வாத்துகள் எஞ்சினுக்குள் போனவை. ஆனால் எல்லாப் பறவையும் உள்ளே போகாது. சில, எஞ்சினின் முன்னால் இருக்கும் வட்டமான முகப்பில் மோதும். அது உடைந்தால், சிதறும் துண்டுகளே எஞ்சினுக்குள் போய்விடலாம்.

வலை போட்டால் போதாதா?

பலரும் கேட்கும் கேள்வி இது. வலை காற்றோட்டத்தைத் தடுக்கும், அதில் பனி உறையும். வலையே அறுந்தால், பறவையோடு சேர்ந்து அதுவும் உள்ளே போகும். அதனால் முகப்புதான் அடியைத் தாங்கியாக வேண்டும்.

எவ்வளவு பெரிய அடி?

1.8 கிலோ பறவை ஒன்று, மணிக்கு 460 கி.மீ. வேகத்தில் போகும் விமானத்தில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். 50 கிலோ சிமென்ட் மூட்டை 10 மாடி உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமமான ஆற்றல் அது. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும்.

கார்பன் ஃபைபரில் என்ன சிக்கல்?

எடை குறையும், தேன்கூடு போன்ற நடு அடுக்கு வைத்தால் எஞ்சின் சத்தமும் குறையும். அதனால்தான் முகப்பின் உட்சுவரில் கார்பன் ஃபைபர் பயன்படுகிறது. ஆனால் அடி பட்டால் அலுமினியம் நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். கார்பன் ஃபைபர் அப்படி வளையாது. வெளியே கீறல்கூடத் தெரியாமல், உள்ளே அடுக்குகள் பிரிந்து போயிருக்கும்.

இந்தப் பாடம் பழையது. 1970-ல் ரோல்ஸ் ராய்ஸின் ஆர்பி211 எஞ்சினுக்குச் செய்த கார்பன் ஃபைபர் விசிறி இறக்கைகள் பறவைச் சோதனையில் தோற்றன. டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. செலவு எகிறி, 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. பின்னர் 1995-ல் சேவைக்கு வந்த ஜிஇ90 எஞ்சினில் கார்பன் ஃபைபர் இறக்கைகள் வெற்றி பெற்றன. காரணம், அவற்றின் முன் விளிம்பில் டைட்டானியம் பட்டை இருந்தது.

அப்படின்னா, முகப்பு எப்படி இருக்கும்?

அதே தந்திரம்தான்: முன்னால் உலோகம், பின்னால் ஃபைபர். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் முகப்பின் விளிம்பு அலுமினியம். பனி உறையாமல் இருக்க அதனுள் சூடான காற்று செலுத்தப்படுவதாலும் உலோகமே வசதி. அதன் பின்னால் ஒரு தடுப்புச் சுவர். விளிம்பு கிழிந்தாலும், பறவை இந்தச் சுவரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபைபர் பகுதி நேரடியாக அடி வாங்கும்.

சோதனையில், பறவை உடலையோ அதற்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியையோ காற்றுத் துப்பாக்கியால் சுடுவார்கள். அந்த வேகத்தில் உடல் தண்ணீர் போலச் சிதறிப் பரவும்.

நசுங்கவே கூடாது என்பது விதி அல்ல. 1.8 கிலோ பறவை மோதிய பிறகும் விமானம் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும். இறங்கிய பிறகு, கண்ணுக்குத் தெரியாத சேதத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் தேடுவார்கள். மருத்துவமனையில் வயிற்றை ஸ்கேன் செய்வது போலத்தான் இதுவும்.