கடாரம் கொண்டவர்களும் கணக்கெழுதியவர்களும்

இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்தில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1987இல் அகழாய்வு நடத்தியபோது 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இப்னு பதூதா குறிப்பிடும் 'ஃபத்தன்' இத்துறைமுகமே என்பது ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவின் கருத்து. பாண்டியர் காலத்துப் பெருந்துறை. ஆயினும் அந்தப் பீங்கானை வாங்கியவர், இறக்கியவர், கணக்கெழுதியவர் எவருடைய பெயரும் நம் நினைவில் இல்லை. 1025இல் கடாரத்தின்மீது படையெடுத்த இராசேந்திரனையோ பள்ளிப் பிள்ளையும் அறியும். கடல் கடந்த தமிழன் என்றதுமே நம் மேடைகளில் வாளேந்தியவன் வந்து நிற்கிறான். சரக்கோடு போனவனுக்கு அங்கே இடமில்லை.

இந்த மறதிக்கு நாவலும் துணை நின்றது. இராசேந்திர சோழனை நாயகனாக்கிய அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ஒருவரையொருவர் கண்டறியாத மக்கள் தம்மை ஒரே தேசமாகக் கற்பித்துக்கொள்ள நாளிதழும் நாவலும் வழிசெய்தன என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதினார். கல்கியின் தொடர்கதைக்காக வாரந்தோறும் காத்திருந்த தமிழ் வாசகரை எண்ணினால் அக்கோட்பாட்டை மறுப்பது கடினம்.

ஆனால் அதற்கு அடங்காத ஒரு நாவல் நம்மிடம் உண்டு. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிங்கம்புணரியில் 1920இல் பிறந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இளம்வயதில் சுமத்ராவின் மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர் அவர். பின்னர் மதுரையில் 'தினத்தந்தி'யில் நெடுங்காலம் பணியாற்றினார். நாவல் 1962இல் எழுதப்பட்டது. அதே ஆண்டில்தான் அண்ணா மாநிலங்களவையில் திராவிட நாட்டுக்காக வாதாடினார். மறு ஆண்டே அரசியலமைப்பின் 16ஆம் திருத்தம் வந்தது, கோரிக்கை கைவிடப்பட்டது. நாடு போயிற்று, பெருமிதம் எஞ்சியது. நாவலோ பதிப்பாளருக்காகப் பத்தாண்டு காத்திருந்து 1972இல் வெளியாயிற்று. இந்தோனேசியப் புரட்சி பற்றிய ஆண்டர்சனின் ஜாவா ஆய்வு நூல் வெளிவந்ததும் அதே ஆண்டில் என்பது ஒரு வியப்பு. ஏறத்தாழ ஒரே காலகட்டத்தை ஒருவர் ஆவணங்களின் வழியாகவும், மற்றவர் வட்டிக்கடையின் மேசையடியிலிருந்தும் பார்த்திருக்கிறார்கள்.

பெட்டியடிப் பையன்கள், அடுத்தாள்கள், மேலாள்கள் நிறைந்த உலகம் அது. ஜப்பானியர் வருகிறார்கள், கதைநாயகன் பாண்டியன் நேதாஜியின் படையில் சேர்கிறான், போர் முடிந்தபின் டச்சுக்காரருக்கு எதிரான கொரில்லாப் போராட்டத்தில் இறங்குகிறான். ஆனால் நாவலின் உயிர் சண்டைக் காட்சிகளில் இல்லை. மதுக்கிண்ணத்தைச் சுற்றி நண்பர்கள் கூடிப் பேசும் பேச்சில் இருக்கிறது என்பேன். சங்கப் பெருமையும் மூவேந்தர் புகழும் அங்கே எள்ளலுக்கு உள்ளாகின்றன. மேடையில் எதிர்ப்பேச்சு இல்லாமல் ஒலித்த ஒரு சித்தாந்தத்திற்கு நாவல் எதிர்வழக்காடும் குரல்களைத் தருகிறது. எந்தக் குரலுக்கும் தீர்ப்பு வழங்குவதில்லை. கோட்பாட்டு நூல் தன் கருத்தைக் குலைத்துக்கொள்ளாமல் இதைச் செய்ய இயலுமா என்பது எனக்கு ஐயமே.

சிங்காரத்தைத் தமிழ்ப்பகைவராகக் காண்பது மேலோட்டமான வாசிப்பு. பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்கள் எழும் பக்கங்களை அத்தகைய ஒருவர் எழுதியிருக்க முடியாது. தேசத்தை நம்ப மறுக்கும் நாவல், ஊரை விடமுடியாமல் தவிக்கிறது. இந்த முரணை அவர் தீர்க்க முயலவில்லை. நல்லவேளை.

ஊருக்குத் திரும்பும் ஏக்கத்தோடிருக்கும் பாண்டியன் ஊர் சேராமலே மடிகிறான். பெரியபட்டினத்தை ஆண்ட குலத்தின் பெயரைத்தான் சிங்காரம் இந்த வட்டிக்கடைப் பணியாளுக்குச் சூட்டியிருக்கிறார்.