கச்சிக்கு வழி

அம்பத்தூரிலிருந்து காஞ்சிமாநகருக்கு இலக்கியப் பயணம் செல்லத் திட்டமிட்ட நம் வட்டத்தார் வண்டி, நேரம், செலவு ஆகிய மூன்றையே பேசினோம். சங்க காலத்திலேயே இத்தலைநகருக்கு வழி வகுத்துத் தந்த நூல் ஒன்றுண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது 500 அடிகளில் பாடிய பெரும்பாணாற்றுப்படையே அது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பத்துப்பாட்டுள் இஃதும் ஒன்று.

பரிசில் பெற்று மீளும் பாணன், வறிய பாணனுக்கு வழி கூறுகிறான். எயினர், ஆயர், உழவர், வலைஞர், அந்தணர் எனக் குடிதோறும் கிடைக்கும் விருந்தையெல்லாம் எடுத்துரைத்த பின்னரே கச்சியைக் காட்டுகிறான். நகரம் வருவது நூலின் பிற்பகுதியில்தான். அதுவரை வழிநெடுக மனிதர்களே நிற்கின்றனர்.

நாமோ பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பிகளையும், திருமழிசையில் ஆழ்வாரையும் எண்ணாமலே கடந்து செல்கிறோம். கச்சியோடு பிணைந்த வாழ்வினராக வைணவ மரபு போற்றும் இவ்விருவரும் நம் ஊர்களில் தோன்றியவர்கள். இம்முறை அவ்விரு ஊர்களிலும் இறங்கிச் செல்வோம்.

தான் பெற்றதை மற்றவரும் பெற வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் உயிர். பத்தாண்டு நிறையும் நம் வட்டம், புதிதாக எழுத வருவோர்க்கு ஆற்ற வேண்டிய கடமையும் அதுவேயன்றோ?