சஃபோக் மாளிகை

1786-இல் பினாங்குத் தீவில் பிரிட்டிஷ் கொடியேற்றிய பிரான்சிஸ் லைட், ஆயர் ஈத்தாம் ஆற்றருகே மிளகுத் தோட்டம் கண்டு, தாம் பிறந்த சஃபோக் சீமையின் பெயரையே அதற்குச் சூட்டினார். அங்கு அவர் அமைத்தது மரமும் ஓலையும் கொண்ட எளிய இல்லம். 1794-இல் அவர் மாண்டார். பின்னர் தோட்டம் கம்பெனி அதிகாரி வில்லியம் எட்வர்டு பிலிப்ஸ் வசமாயிற்று.

இன்று நாம் காணும் ஈரடுக்கு மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சமச்சீரான முகப்பும் தூண்வரிசையும் இங்கிலாந்துப் பிரபுக்களின் நாட்டுப்புற மனைகளை நினைவூட்டும். அகன்ற தாழ்வாரமோ இந்நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் பணிந்து வைத்தது. ஊரை ஆண்டவன் வானத்தை ஆள முடியவில்லை!

கவர்னர் வாழ்ந்த அவ்வில்லம் 1920களின் இறுதியில் மெதடிஸ்டு சபையின் கைக்கு வந்து, பள்ளிக்கூடமாயிற்று. விருந்து நடந்த கூடத்தில் பிள்ளைகள் பாடம் படித்தனர். 1975-இல் பாழெனக் கைவிடப்பட்டது. 2007-இல் புத்துயிர் பெற்று, மறு ஆண்டே யுனெஸ்கோ விருதும் பெற்றது.

கட்டியவர் யார்? பிலிப்ஸ் என்று விடை கூறுகிறது வரலாறு. செங்கல் சுமந்தவர் பெயர் எங்கே? இந்தியக் கைதிகள் இத்தீவின் சாலைகளை வெட்டிய காலமன்றோ அது! சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் உழைத்த காலமன்றோ! சுவரைச் செப்பனிட்ட நாம், வரலாற்றையும் செப்பனிட வேண்டாமா?