பாட்டும் கணக்கும் காத்த காடு

சரித்திரம் என்றவுடன் போர்களும் பட்டாபிஷேகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. பாட்டும் கணக்கும் துணைநின்று ஒரு காட்டைக் காத்ததும் சரித்திரமே. அதனையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் மழைக்காடு உள்ளது. சிங்கவால் குரங்குகள் வாழும் அக்காட்டினூடே குந்திப்புழை ஓடுகிறது. அவ்வாற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு 1973-இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. அணை எழுந்தால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். ஆயினும், மின்விளக்கையும் தொழிலையும் எதிர்பார்த்த மக்களின் ஆசை குற்றமாகுமா? ஆகாது. வழக்கின் கடினம் அதிலேதான் இருந்தது.

விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் பரப்புவதற்காக 1962-இல் தோன்றியது கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்து. ஆசிரியர் பலர் அதில் தொண்டு செய்தனர். அச்சங்கத்தார் திட்டத்தின் வரவு செலவுகளை ஆராய்ந்து, மின்சாரம் பெற வேறு வழிகளும் உண்டெனக் காட்டினர். கவிஞர் சுகதகுமாரி மரத்தைப் போற்றி இயற்றிய 'மரத்தினு ஸ்துதி' என்னும் கவிதை கூட்டங்களில் ஒலித்தது. எம். ஜி. கே. மேனன் தலைமையில் அறிஞர் குழுவொன்றும் ஆராய்ந்தது. 1983-இல் திட்டம் கைவிடப்பட்டது; 1984-இல் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இதற்கிடையே, 1980 முதல் பரிஷத்தின் கலைக்குழுக்கள் 'சாஸ்திர கலா ஜாதா' என்ற பெயரில் ஊர் ஊராகச் சென்று, பாட்டாலும் வீதி நாடகத்தாலும் விஞ்ஞானம் பேசின. அம்முறை தமிழ்நாட்டிற்கும் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணம், நான் ஆசிரியனாக இருந்த சிற்றூருக்கு வந்தது. நாடகம் முடிந்ததும், என் மாணவன் ஒருவனின் தாயார் எழுந்து, "நான் கைநாட்டு வைக்கிற தாளை நானே படிக்கக் கற்றுத் தருவீர்களா, ஐயா?" என்று கேட்டார். ஏழாண்டுகள் அவ்வூரில் பாடம் சொன்னவன் நான். அதுவரை எவரும் என்னிடம் அவ்வாறு கேட்டதில்லை. கேட்கும் துணிவு வரும்படி நான் நடந்துகொண்டதும் இல்லை. ஒரு மாலை நேர நாடகம் அத்துணிவை அளித்துவிட்டது.

கணக்கில்லாத பாட்டு உணர்ச்சியோடு நின்றுவிடும். பாட்டில்லாத கணக்கு ஏட்டோடு நின்றுவிடும். உங்கள் ஊர் ஏரி தூர்ந்து கிடக்கிறதா? முதலில் அதன் கதையை முதியோரிடம் கேளுங்கள், கரையை நடந்து அளந்து பாருங்கள், அதன்பின் பாடுங்கள். ஊர் செவிசாய்க்கும்.